கேட்டம்மாவின் சம்பளம்

எங்கள் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரயில் தண்டவாளம் போகிறது. அதனால் எங்கள் ஆயுளில் பாதி கேட்டுக்கு முன்னால் நின்றே கழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன், கடன் கொடுத்தவனுக்குப் பயந்து ஓடுகிறவன், அவனைத் துரத்துகிற கடன் கொடுத்தவன், எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம். நின்றுகொண்டு, கேட்டை இறக்கி ஏற்றுகிற கேட்டம்மாவைத் திட்டுவோம். அவள் ஒருநாளும் பதிலுக்குத் திட்டியதில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் உயிரோட இருந்துட்டுத்தான் போங்களேன், என்ன குறைஞ்சு போச்சு?" என்பாள்.

கேட்டம்மா என்றதும் பெரிய உருவம் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டை இறக்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால் சக்கரம்தான் ஆளாகத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து போன் அடித்ததும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவாள். மழைக்காலத்தில் கம்பி இறுகிக்கொள்ளும். அப்போது ஒரு காலைத் தூணில் முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவாள். இரண்டு பக்கமும் தடி இறங்கிப் பூட்டு விழுந்ததும், போனில் பதில் சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நிற்பாள். அவள் நிற்கிற நிற்பைப் பார்த்தால், ரயிலே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறது என்று தோன்றும்.

கேட் அறைக்குப் பின்னால்தான் அவர்கள் குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, தகரம் இறக்கிய ஒரு சின்னத் தாழ்வாரம். ஜன்னலோரம் தையல் மெஷின். மெஷினில் அவள் புருஷன், எங்கள் டெய்லர். போன் மணி அடித்தால் அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். ரயில் போகும்போது வீடே அதிரும். அந்த நேரத்தில் தைத்தால் தையல் கோணும், ஊசி ஒடியும். ரயில் கடந்து போய், நூல்கண்டு ஆட்டம் நின்ற பிறகுதான் மறுபடி மிதிப்பார். வீட்டில் மெஷின் போட்ட நாளிலிருந்து இதுதான் அவருடைய வேலை முறை.

ஒரு காலத்தில் அவருக்குக் கடைத்தெருவில் சொந்தக் கடை இருந்தது. ரெடிமேட் துணி வந்தது, கடை போனது. பிறகு வீட்டிலேயே ஜிப் மாற்றுவது, பேண்ட்டின் நீளம் குறைப்பது, பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவது என்று ஓட்டினார். அந்த வருமானம் நூலுக்கும் டீக்கும் சரியாகப் போகும். ஆனால் எங்கள் ரோட்டில் அது யாருக்கும் தெரியாது. டெய்லர் மளிகைக் கடைக்கு வந்தால் நின்ற இடத்தில் ரொக்கம் கொடுப்பார். பள்ளிக்கூட ஃபீஸ் அவர் கையால்தான் போகும். சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாகக் கவரை நீட்டுவார். "டெய்லர் கை தாராளம்ப்பா" என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

அந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு ஆணி இருந்தது. டெய்லரின் வெளியே போகிற சட்டை அந்த ஆணியில் தொங்கும். சம்பளம் வாங்கிய அன்று கேட்டம்மா நேராக வந்து பணத்தை அந்தச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கை கழுவப் போய்விடுவாள். கொடுத்தேன் என்று அவள் சொன்னதில்லை, வாங்கினேன் என்று இவர் சொன்னதில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை இவர் கூச்சப்பட்டபோது, "வீட்டு ஆம்பள வெறும் பையோட வெளிய போனா, என்னைத்தான் கேப்பாங்க" என்று சிரித்தாளாம். அவள் அப்படி மறைத்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. இவருக்கு ஒரு அண்ணன். மரக்கடைக்காரர், குரலும் மரம் அறுக்கிற குரல். கேட்டில் வேலை பார்க்கிற பெண்ணைத் தம்பி கட்டிக்கொண்டபோது, "பொண்டாட்டி கொடி காட்டுவா, நீ பின்னாடியே பொட்டி தூக்கிட்டுப் போவியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர். அந்த ஒரு வார்த்தை டெய்லருக்குள் தைத்த ஊசி போல ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. கேட்டம்மாவுக்கு அது தெரியும்.

இந்த வருஷம் முதல் மழையில் கேட்டம்மா போய்விட்டாள். நெஞ்சுச் சளியைச் சாதாரணமாக நினைத்து நனைந்துகொண்டே நின்றிருக்கிறாள். அவள் கடைசியாக வேலை பார்த்த அன்று சாயங்காலம் மாற்று ஆள் வந்தார். அவரை நாங்கள் நெட்டை என்போம். குனிந்துதான் கேட் அறைக்குள் நுழைவார். கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர், "கேட் ஒப்படைச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வருகிறவர், "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டும் சொல்லாமல் ஒருவரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. அன்றைக்கு அவளுக்கு மூச்சே வாங்கிக்கொண்டிருந்தது. நெட்டை, "அக்கா, நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அவள் சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்று, முறையாக ஒப்படைத்துவிட்டுத்தான் படி இறங்கினாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. நெட்டை இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். எனக்குக் கேட்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு பென்ஷன் பேச்சு வந்தது. நெட்டைதான் காகிதத்தைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். டெய்லரின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவளும் அம்மாவும் போட்ட திட்டம். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால், காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அன்றைக்கு வேண்டிய ஊசிகளில் நூல் கோத்து ஒரு துணி உருண்டையில் குத்தி வைத்துவிடுவாள். முன்பெல்லாம் இரண்டு ரயிலுக்கு நடுவில் அம்மா செய்த வேலை அது.

"ரெண்டு வழி இருக்குண்ணே," என்றார் நெட்டை. "ஒண்ணு, மாசாமாசம் பென்ஷன். நீங்க இருக்கற வரைக்கும் வரும். உங்களுக்கு ஏதாவதுன்னா, பாப்பா படிச்சு முடிக்கற வரைக்கும் அதுக்கு வரும். இன்னொண்ணு, மொத்தமா ஒரே தடவை குடுத்துக் கணக்கை முடிச்சிருவாங்க. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கிடையாது."

"மாசாமாசம்தான்," என்றாள் மகள், தலையை நிமிர்த்தாமல். "இந்த வீட்டையும் காலி பண்ணணும். வாடகை குடுக்கணும். என் படிப்பு இருக்கு. அப்பா கண்ணு இருக்கு."

"அதேதான் நானும் சொல்றேன். ஆனா அதுக்கு ஒரு விதி இருக்கு. பொம்பள செத்துப் போனா, புருஷன் அவங்க வருமானத்துலதான் இருந்தார்னு ஆகணும். விசாரிக்க ஆள் வருவார். உண்மையைச் சொன்னாப் போதும்."

டெய்லர் காகிதத்தின் ஓரத்தை, துணி ஓரத்தை மடிப்பதுபோல, விரலால் மடித்து நீவிக்கொண்டே இருந்தார்.

விசாரணைக்கு ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையிலிருந்தே மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசினால் பாதிதான் காதுக்கு வரும். அவர் குடையை மடக்கி உள்ளே வைத்து, நனைந்த பேண்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷன், டெய்லர் போட்டுக் கொடுத்த டீயை, வேகவைத்த முட்டையை, வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். "பயப்பட ஒண்ணுமில்ல. நாலு கேள்வி, அவ்வளவுதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தானா மரக்கடை அண்ணன் வந்து சேர வேண்டும்! கையில் ஒரு பை நிறையப் பழம். அரசாங்க ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், தம்பி வீட்டு மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்கத் தன் தலையில் இறங்கிவிட்டதாக அவருக்குப் பட்டுவிட்டது.

"சார், நான் இவன் கூடப் பொறந்த அண்ணன். என்ன கேக்கணுமோ எங்கிட்ட கேளுங்க."

"ஒண்ணுமில்லைங்க. குடும்பச் செலவு யார் பாத்துக்கிட்டாங்கன்னு..."

"யாரா? இவன்தான்! ரோட்டுல போய் யாரை வேணாலும் கேளுங்க. ஒரு கடையில கடன் கிடையாது. எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணாங்களே, என் கடை படுத்துக் கிடந்த நேரம், நான் பொழைப்பேனான்னே தெரியல. பாதிச் செலவு இவன் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தான் சார். மூச்சு விடல!"

"அப்ப அந்தம்மா சம்பளம்?"

"அது அவ கைச்செலவுக்கு. ஏதோ வீட்ல சும்மா இருக்க வேணாமேன்னு போய்ட்டு வந்துச்சு. எங்க குடும்பத்துல பொம்பள காசைத் தொட மாட்டோம் சார். என்னடா தம்பி?"

இன்ஸ்பெக்டர் டெய்லரைப் பார்த்தார். மகள் அடுப்படி நிலையில் நின்றுகொண்டு அப்பாவையே பார்த்தாள். மறுத்துச் சொல்ல வேண்டிய அளவு நேரம் இருந்தது. டெய்லர் வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டிவிட்டார். எந்தப் பக்கம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் இன்ஸ்பெக்டர் ஆமாம் என்றே எழுதிக்கொண்டார்.

அண்ணன் போகும்போது தம்பியின் முதுகில் தட்டி, "கேட்டான் பாரு கேள்வி! விட்டுக்குடுப்பேனா உன்னை?" என்று சொல்லிவிட்டு, மழையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். அன்பால் ஒருத்தன் குடியைக் கெடுக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மறுநாள் காலையில் மகள் ஊசிக்கு நூல் கோக்கவில்லை. டெய்லர் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைப் பிடித்து, நூலை நக்கி நக்கி, ஊசியின் காதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் குத்திக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் கோத்துக் குடும்மா."

"நீங்கதான் யார் கையையும் எதிர்பாக்காத ஆளாச்சே. கோத்துக்குங்க."

"கோவமா பேசாத. மொத்தமா ஒரு தொகை வருமில்ல. பெரியப்பாவும் சொல்றார், அதை வெச்சு ஒரு கடை..."

"கண்ணு தெரியாம என்ன கடை வைக்கப் போறீங்க?" அவள் புத்தகப் பையைக் கீழே வைத்தாள். "காசு போனாப் போகுதுப்பா. நான் ஏதாவது வேலைக்குப் போறேன். அது இல்ல எனக்கு. அம்மா சம்பளம் கைச்செலவுக்காம். சும்மா இருக்க வேணாமேன்னு போய்ட்டு வந்தாங்களாம். கேட்டுக்கிட்டுத் தலையாட்டுறீங்க. மழையில கம்பி இறுகிப் போய், கையெல்லாம் தோலு உரிஞ்சு வருவாங்களே, நீங்கதான எண்ணெய் தடவி விடுவீங்க? அது கைச்செலவுக்கா?"

டெய்லர் ஊசியை மெஷின் மேல் வைத்தார்.

"நான் சாப்பிட்டது, படிச்சது எல்லாம் அம்மா போட்டது. அதைச் சொன்னா உங்களுக்கு என்ன குறைச்சல்? எனக்குப் பெருமைதான். உங்களுக்கு வெக்கமா இருந்தா இருங்க."

வெளியே போன் மணி அடித்தது. பழக்க தோஷத்தில் டெய்லர் மிதியிலிருந்து காலை எடுத்தார். மெஷின் ஓடவே இல்லை. நெட்டை சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. கம்பி கீச்சிட்டுக்கொண்டு இறுகுகிற சத்தம். ரயில் போனதும் அவர் எழுந்து, ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"நெட்டைகிட்ட. ஆபீஸ்ல மறுபடி சொல்ல முடியுமான்னு கேட்டுட்டு வரேன்."

முடியும் என்று தெரிந்தது. முடிவு எழுதுமுன் நேரில் வந்து சொல்லலாம். ஆனால் விசாரணையில் பேசினவரும் கூட வர வேண்டும். ஆக அண்ணனையும் அழைத்துக்கொண்டு போகும்படி ஆயிற்று. எதற்கு என்று டெய்லர் அவரிடம் சொல்லவில்லை. "பென்ஷன் விஷயமாண்ணே" என்றதோடு சரி. அண்ணன் தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மகளும் கிளம்பினாள், நெட்டையும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். மீதியெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பென்ஷன் பிரிவு ஒரு நீளமான ஹால். பெஞ்சு நிறைய ஆட்கள், எல்லோரும் யாரையோ பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள். ஒருவர் மடியில் டிபன் டப்பா, ஒருவர் மடியில் தூங்குகிற குழந்தை. மேலே ஒரு பழைய ஃபேன், அரைக்கிற இயந்திரம் போலச் சத்தம். கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் அதிகாரி. டெய்லர் முறை வந்ததும் காகிதத்தைப் புரட்டினார்.

"உங்களுக்குத்தான் சொந்த வருமானம் இருக்கே. மொத்தத் தொகைன்னு எழுதிடலாம்னு இருந்தேன். விசாரணையில தப்பு இருக்குங்கறீங்களா?"

"ஆமாங்கம்மா."

"என்ன தப்பு?"

டெய்லர் ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. இந்த ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

டெய்லர் எழுந்து நின்றார். மகள் அவருடைய சட்டைக் காலரைப் பின்னாலிருந்து சரி செய்துவிட்டாள்.

"என் பொண்டாட்டி சம்பளத்துலதாங்க நான் சாப்பிட்டேன்."

அண்ணன் பாதி எழுந்து, "டேய், என்னடா இது, நாலு பேர் இருக்காங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"நாலு பேர் இருக்கறதாலதாண்ணே சொல்றேன்." அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "கடை போன நாள்லேர்ந்து என் சம்பாத்தியம் நூலுக்குத்தாங்க ஆச்சு. இந்தச் சட்டை அவ காசு. செருப்பு அவ காசு. மளிகை, ஃபீஸ், மருந்து எல்லாம் அவதான். சம்பளம் வாங்கினதும் என் சட்டைப் பையில வெச்சிருவா. நான் எடுத்துக் குடுத்தா நான் குடுத்ததாத் தெரியணும்னு. நானும் அப்படியே காட்டிக்கிட்டேன். அவ இருந்த வரைக்கும் எனக்கு அதுல மரியாதை இருந்துச்சு. அவ போனப்புறமும் அதையே சொன்னா, அவ உழைச்சதே இல்லன்னு ஆயிரும்."

"அப்ப எனக்கு ஆபரேஷன் பண்ணப்ப..." அண்ணனின் மரம் அறுக்கிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"அதுவும்தாண்ணே. சீட்டு போட்டு வெச்சிருந்தா. 'உங்க அண்ணன்கிட்ட நீங்க குடுத்ததாவே இருக்கட்டும், இல்லன்னா வாங்க மாட்டார்'னு சொல்லி அனுப்பினா."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்குள் வயிற்றின்மேல் அவர் கை தானாகப் போயிற்று, தையல் போட்ட இடத்துக்கு.

அதிகாரி அம்மா பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "நீங்க வீட்ல என்ன பண்ணீங்க?"

"சமையல் நான்தாங்க. துவைக்கறது, பாப்பாவுக்குத் தலை பின்னி விடறது. மூணு வேளையும் கேட்டுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். அவ யூனிஃபார்ம் நான் தைச்சது. ஆபீஸ்ல குடுக்கற கொடி ஓரம் பிரிஞ்சு போகும். ரெட்டைத் தையல் போட்டுக் குடுப்பேன். எத்தனை காத்துல பிடிச்சாலும் அவ கொடி கிழிஞ்சதில்ல." இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது என்று நெட்டை சொன்னார். பெஞ்சில் ஒரு அம்மாள் சத்தம் போட்டே அழுதாளாம்.

"சரி, இன்ஸ்பெக்டர்கிட்டயும் பேசி மாத்திடறேன். மாசப் பென்ஷன்னே எழுதிடலாம்," என்றார் அதிகாரி. எழுதினார். எழுதியதை ஃபேன் சத்தத்துக்கு மேல் உரக்கப் படித்தார்: "மனுதாரர், இறந்தவரின் வருமானத்தில் வாழ்ந்தவர். சரிதானே? கையெழுத்துப் போடுங்க."

டெய்லர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

"இன்னும் என்ன?"

"ஒரு வார்த்தை குறையுதுங்கம்மா. 'நல்லா வாழ்ந்தவர்'னு போடுங்க."

"அப்படியெல்லாம் இதுல போட முடியாதுங்க. இதுக்குன்னு வாசகம் இருக்கு."

"வெறும் வாழ்ந்தவர்னா, ஏதோ ஒண்டிக் கிடந்த மாதிரி இருக்குங்க. அவ என்னை அப்படி வெச்சுக்கல."

அதிகாரி மகளைப் பார்த்தார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்போது பெஞ்சிலிருந்து மரக்கடை அண்ணன் எழுந்து மேஜைக்கு வந்தார். இந்த முறை குரல் பழையபடி ஹால் முழுக்கக் கேட்டது.

"போடுங்கம்மா. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். நானும் அவ சம்பாத்தியத்துல உயிரோட இருக்கறவன்தான்."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு குனிந்து, 'வாழ்ந்தவர்' என்பதற்கு முன்னால், வரிக்கு மேலே, சின்ன எழுத்தில் 'நல்லா' என்று எழுதினார்.